நூற்றெட்டுத் தேங்காயும் அருணனின் முழங்கையும்

சனி, 18 ஆகஸ்ட் 2007

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். புல் காய்ந்துவிட்டது.

வென்றோம்! 4–3!

 எழுத்து வரியில் நிற்கவில்லை. சோறு அடுப்பில், உடுப்பு மெசினுக்குள், நான் குசினி மேசையில் இந்தக் கொப்பியோடு. இதை எழுதி முடித்தால்தான் மற்ற வேலை ஓடும்.

ஏழு இன்னிங்ஸும் என் மகன் அருணன்தான் எறிந்தான். பதினெட்டு வயது, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. எங்கள் பேஸ்போல் குழுவில் பந்து எறிகிற ஒரே பிட்சர். மற்றவன் செபஸ்டியான் அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) கிடைத்து மியூனிக் போய்விட்டான். எதிரணியில் கடைசி ஆள் மட்டையைத் தூக்கி நிற்கிறான், அருணன் மூன்று பந்து எறிகிறான், மூன்றும் காற்றில் போகிறது, எங்கள் கேட்சர் எம்ரே கையுறையோடு துள்ளுகிறான். ஐயோ!

இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். ஊரில் கல்லூரிக்காகக் கிரிக்கெட் ஆடிய மனுசன். மூன்று வருடமாக ஒரு மட்சும் பார்க்க வரவில்லை.

"கையை மடக்கி எறியிறான். நோ போல் எல்லோ?"

"இது கிரிக்கெட் இல்லையப்பா."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

இவரோடு கதைத்துப் பயனில்லை.

கணக்கு ஒன்று குறித்து வைக்க வேண்டும். நான்தான் ஸ்கோரர். ஒவ்வொரு குழுவும் சோதனை பாஸ் பண்ணிய ஒரு ஸ்கோரரை அனுப்ப வேண்டும் என்பது லீக் சட்டம். ஜெர்மன் தாய்மார் எல்லோருக்கும் வேலை இருந்தது. எனக்கும் இருந்தது, ஆனால் எப்படியும் அங்கே பிள்ளைக்காகக் காத்திருக்கத்தானே வேண்டும் என்று படித்தேன். பாஸும் பண்ணினேன். ஆல்டன்ஹைம் (முதியோர் இல்லம்) குசினியில் நான் மரக்கறி வெட்டுகிறவள். மைதானத்தில் நடுவரே "வணக்கம், திருமதி ஸ்கோரர்" என்கிறார்.

அருணனுக்கு ட்ரெய்னர் ஹோல்கர் வைத்த எல்லை 90 எறி. ஏழாவது இன்னிங்ஸில் மேசைக்கு வந்து கேட்டார், எத்தனை என்று. எண்ணும் கருவியைக் காட்டினேன்: 91. அருணனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான், தன்னால் ஏலும் என்று. விட்டுவிட்டார். முடிவில் 104.

அடுத்த ஞாயிறு கடைசி மட்ச். அதையும் வென்றால் இந்த லீக்கில் இருப்போம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் மைதானத்தை உதைபந்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று நகரசபை கடிதம் போட்டிருக்கிறது. மைதானம் இல்லாமல் குழு என்ன, ஒன்பது தொப்பிதான்.

நேர்த்திக்கடன்: இன்று காலை டிராமில் போகும்போது வைத்தேன். இன்று வென்றால் நாளைப் பிள்ளையார் கோயில் தேருக்கு 108 தேங்காய். கடைக்காரருக்குப் போன் பண்ணினேன்.

"நாளைக்கோ? நூற்றெட்டோ? விசரே அக்கா உங்களுக்கு?"

"வென்றிட்டம் தம்பி, வென்றிட்டம்!"

"ஆர் வென்றது?"

சோறு குழைந்துவிட்டது.

ஞாயிறு, 19 ஆகஸ்ட்

வெயில் என்றால் வெயில். நீலச் சேலை. கொண்டை இரண்டு தரம் குலைந்தது.

தேர்! கோயில் இருப்பது தொழிற்பேட்டையில், டயர்க்கடைக்கும் குளியலறை ஓட்டுக் கடைக்கும் நடுவில். ஆனால் தேர் வெளியே வந்தால் அது எந்தத் தெரு என்று யாருக்கு ஞாபகம்? தெருவை மறித்து இரண்டு பொலிஸ்காரர். ஒருவர் வடை தின்றார். மற்றவர் தின்பதா விடுவதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

எங்கள் தேங்காய் ஆறு பெட்டி. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடங்கினார். எட்டுத் தேங்காய். எட்டாவதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி ஏற்கெனவே நொந்த இடுப்பு. வதனா அக்கா (பூக்கட்டும் அக்கா, எதற்கும் ஒரு சாத்திரம் வைத்திருப்பவர்) சொன்னார்: "பிள்ளைக்கு வைச்ச நேர்த்தியை பிள்ளையே உடைச்சால் இன்னும் விசேஷம்."

"விடுங்கோ அப்பா, நான் உடைக்கிறன்" என்று அருணன் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினான்.

மற்றவர்கள் குனிந்து கல்லில் அடிப்பார்கள். இவன் நாலு அடி தள்ளி நின்றான். காலைத் தூக்கினான். கை பின்னால் போய் வந்தது. படார்! தேங்காய் பத்துத் துண்டு. சனம் ஓ என்றது. படார்! இன்னொன்று. சின்னப் பிள்ளைகள் துண்டு பொறுக்க ஓடினார்கள். கோயில் தலைவர் கனகசபை அண்ணை மைக்கில்: "அடுத்தது அருணன் தம்பி, எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ!" எனக்குப் பின்னால் யாரோ: "கையோ, மெசினோ?" நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காதை அந்தப் பக்கம் கொடுத்தபடிதான் நின்றேன்.

சரியாக நூறு. வாய்விட்டு எண்ணினேன். கடைசித் தேங்காய்க்குக் கனகசபை அண்ணையே கை தட்டினார். என் வயிறு குளிர்ந்துபோயிற்று. மைதானத்தில் என் பிள்ளை என்ன செய்கிறான் என்று எங்கள் சனத்துக்கு இன்றுதான் தெரிந்தது.

பின்னேரம்: கை உளைகிறதாம். உளையாதா? எண்ணெய் பூசிவிட்டேன். இவர் இடுப்புக்கும் அதே எண்ணெய். வீடு முழுக்க மணம்.

நாளை வாங்க வேண்டியது: பால், துவைக்கும் பவுடர், பென்சில் முனைக் கட்டு 2.

திங்கள், 20 ஆகஸ்ட்

புகார் மூடிய காலை. வெயில் பிறகு வந்ததா தெரியாது, நான் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு அருணன் குளியலறையில் நின்றான். இடக்கையில் பல்தூரிகை. வலது முழங்கை உள்பக்கம் வீங்கி, தோல் பளபளவென்று.

"மடக்க ஏலாமல் இருக்குதம்மா."

வேலைக்குச் சுகமில்லை என்று போன் பண்ணினேன். எலும்பு டொக்டரிடம் போனோம். வரவேற்பில் இருந்த பெண் ஒக்டோபரில்தான் டெர்மின், அதற்கு முன் நேரமில்லை என்றாள். பிள்ளையின் முழங்கையைத் தூக்கி அவள் மேசையில் வைத்தேன். "இதற்கு ஒக்டோபர் வரைக்கும் பொறுமை இல்லை" என்று ஜெர்மனில் சொன்னேன். பிழையில்லாமல் வந்தது! ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே விட்டார்கள்.

டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தசைநார் இழுபட்டிருக்கிறது, கிழியவில்லை. ஆறு கிழமைக்கு எறியக்கூடாது. ஒரு தடவைகூட. எறிந்தால் கிழியும், கிழிந்தால் ஒப்பரேஷன், ஒப்பரேஷனுக்குப் பிறகு பழைய கை வரும் என்று தான் கையெழுத்து வைக்க மாட்டாராம்.

பிறகு கேட்டார், என்ன செய்தாய் என்று.

"சனிக்கிழமை பேஸ்போல். 104 தடவை எறிந்தேன்" என்றான் அருணன்.

"யார் எறிய விட்டது?"

"ட்ரெய்னர்."

அவ்வளவுதான். டொக்டர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். நான் வாய் திறக்கவில்லை. 'நேற்றுச் சாமிக்கு நேர்ந்து இவனை நூறு தேங்காய் எறிய வைத்தேன்' என்ற வசனத்தை மனதுக்குள் ஜெர்மனில் கட்டிப் பார்த்தேன். முழுதாகக் கட்டினேன். நாக்கில் ஏறவில்லை. சுவரில் எலும்புக்கூட்டுப் படம் ஒன்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிராமில்:

"ஏன் தேங்காயைச் சொல்லேல்லை?"

"நீங்களும் சொல்லேல்லையே."

டிக்கெட்டை மடித்தேன். அவனே தொடர்ந்தான்:

"எம்ரே ஆக்களுக்குத் தெரிஞ்சால் வருசம் முழுக்கச் சிரிப்பாங்களம்மா. சொல்லாதேங்கோ. பிளீஸ்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அதுவும் பிள்ளையார் வாசலிலேயே.

செவ்வாய், 21 ஆகஸ்ட்

மழை. வேலைக்குப் போனேன். கரட் 20 கிலோ. விரலை வெட்டவில்லை, அதுவே பெரிய காரியம்.

ஐந்து மணிக்கு ஹோல்கர் வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தொரு வயது, சாரதிப் பயிற்சிப் பள்ளி நடத்துபவர், எப்போதும் பகிடி விட்டபடி வருவார். இன்று கையில் பிளம்ஸ் கேக், முகத்தில் ஒன்றுமில்லை. அருணன் டொக்டர் எழுதித் தந்த துண்டைப் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து இருந்தார். ஒரு காலுறையில் ஓட்டை. பையிலிருந்து சனிக்கிழமை ஸ்கோர்த் தாளின் பிரதியை எடுத்தார். என் எழுத்து. 104 என்ற இடத்தில் சிவப்பு வட்டம்.

"தொண்ணூறு என்று எல்லை வைத்ததும் நான், அதை உடைத்ததும் நான்" என்றார். "இருபது வருடமாகப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு வெற்றிக்காக ஒரு பிள்ளையின் கையை எடுத்துவிட்டேன்."

வியாழன் பின்னேரம் லீக்குக்குப் போன் பண்ணி ஞாயிறு மட்சிலிருந்து குழுவை விலக்கப் போகிறாராம். பயிற்றுநர் பத்திரத்தையும் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். எங்கள் கழகத்தில் அந்தப் பத்திரம் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் போனால் குழு இல்லை. மட்ச் ஆடாவிட்டால் தோல்விதான், மைதானமும் இல்லை.

என் நிலை திருடனுக்குத் தேள் கொட்டியதுதான். தேத்தண்ணி ஊற்றினேன். சீனி போட்டேனா தெரியாமல் மறுபடியும் போட்டேன். அவர் அதையும் குடித்தார். அருணன் கோப்பையையே பார்த்தபடி. போகும்போது அவன் தலையில் கை வைத்து, "மன்னித்துக்கொள்" என்றார். பதினெட்டு வயதுப் பொடியன், கதவு பூட்டியதும் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டான்.

கேக் அப்படியே இருக்கிறது. நான் எப்படித் தின்ன?

புதன், 22 ஆகஸ்ட்

மழை விட்டது. எதற்கென்று தெரியாமல் ஐந்து மணிக்கே எழும்பிவிட்டேன்.

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தாள் செய்யாத பிழைக்கு அந்தாள் தண்டனை எடுக்குது. நீ பாத்துக்கொண்டு இருக்கிறாய்" என்றார்.

"பொடியன் வெக்கப்படுறான்."

"வெக்கம் ரெண்டு நாளையில போம். போய்ச் சொல்லு."

பேஸ்போலைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை.

வதனா அக்கா போனில்: "சாமி காரியத்தில வந்த நோவைச் சாமி மாத்தும், நீர் ஏன் வெள்ளைக்காரனுக்குச் சொல்லப் போறீர்?" மாற்றட்டும் அக்கா. ஆனால் பழியை ஹோல்கர் தலையில் வைத்துவிட்டு மாற்றச் சொல்லி நான் கேட்க ஏலாது.

வேலை முடிய இரண்டரை. நேரே சாரதிப் பள்ளி. பையில் ஒரு தேங்காய். சொல்லில் விளங்காவிட்டால் காட்டலாமே. ஹோல்கர் தனியே, சுவரில் வீதிக் குறிகளின் படங்கள், மேசையில் ஒரு சின்ன விளையாட்டுக் கார். தேங்காயை அந்தக் காருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சொன்னேன். நேர்த்தி என்றால் என்ன, தேர் என்றால் என்ன, கல், படார், எல்லாம். ஜெர்மன் மொழி பாதி, கை பாதி.

அவர் தேங்காயைக் கையில் எடுத்து நிறை பார்த்தார்.

"எத்தனை?"

"அவன் நூறு. மற்ற எட்டும் என் கணவர்."

"முழு விசையோடா?"

"மட்சில் எறிகிற மாதிரியேதான். காலையும் தூக்கினான்."

"104 எறிந்ததற்கு அடுத்த நாளா?"

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது.

எழும்பினார். முகம் சிவந்தது. அப்போது கத்தினார் பாருங்கள்! மூன்று வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. இரண்டு இரவாக நித்திரை இல்லையாம். மனைவியிடம் அழுதாராம். நீங்கள் ஸ்கோரர், எறிகளை எண்ணுகிறவர், உங்களுக்கே தெரியாதா ஓய்வு என்றால் ஓய்வு என்று! ஒவ்வொரு சொல்லும் சரி. ஒரு பெண் பயிற்சிக்கு வந்து கதவைத் திறந்து, திரும்பவும் மூடிக்கொண்டு போனாள். நான் நின்று வாங்கினேன். வாங்க வாங்க எனக்குள்ளே இறுகியிருந்தது இளகிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது, விட்டேன்.

பிறகு அவர் உட்கார்ந்தார். நெடுநேரம் தேங்காயை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எதற்காக உடைத்தீர்கள்?"

"சனிக்கிழமை வென்றதற்கு."

"எங்கள் குழுவுக்காகவா?"

"எங்கள் குழுவுக்காகத்தான்."

மூக்கைத் தேய்த்தார். "அடுத்த தடவை முதலில் என்னிடம் கேளுங்கள். சுத்தியலோடு வருகிறேன்."

பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்! ஞாயிறு ஆடுகிறோம்! தானும் பதினான்கு எறி கூட விட்டது பிழைதானாம், அதை மறக்க மாட்டாராம், ஆனால் நாளைப் பின்னேரம் பயிற்சி உண்டாம். டிராம் தரிப்பிடம் வரைக்கும் ஓடினேன். இந்த வயதில், வேலைச் சப்பாத்தோடு.

அருணனுக்குச் சொன்னேன். முதலில் கோபம். அரை மணி கழித்து வந்து அந்தக் கேக்கை முழுதாகத் தின்றான்.

வியாழன், 23 ஆகஸ்ட்

முகில். வேலையில் சூப் அடிப்பிடித்தது. என் பிழை இல்லை.

ஹோல்கர் பயிற்சியில் எல்லாருக்கும் முன்னால் தேங்காய்க் கதையைச் சொல்லிவிட்டார். பொடியங்கள் சிரித்தார்கள்தான். எம்ரே அருணனிடம் கேட்டானாம்: "நூறா? ஒன்றுகூடத் தவறவில்லையா?" இல்லை என்றானாம். "அப்ப சரி" என்றானாம். இவ்வளவுதான். இதற்கா நாலு நாள் செத்தோம்?

பிரச்சினை: ஆட்கள். எண்ணிப் பார்த்தால் அருணனோடு சேர்த்துச் சரியாக ஒன்பது பேர். எட்டுப் பேரோடு தொடங்க முடியாது. எறிய முடியாதவனை எங்கே நிறுத்துவது?

ஹோல்கரின் யோசனை: முதல் பேஸ், அடித்தவன் ஓடிவந்து முதலில் தொட வேண்டிய இடம். அங்கே நிற்பவனுக்கு வேலை பெரும்பாலும் மற்றவர்கள் எறிவதைப் பிடிப்பது. பிடிப்பது இடக்கை. பந்து போடப் போவது பீட்டர், குழுவில் மூத்தவர், தபால்காரர், நாற்பத்தேழு வயது. அவர் பந்து நடந்துதான் வரும். ஆனால் எங்கே சொல்கிறாரோ அங்கே வரும்.

டொக்டருக்குப் போன் பண்ணினேன். இந்த முறை தேங்காயையும் சேர்த்துச் சொன்னேன்.  பிறகு, இடக்கையால் பிடிக்கலாம், வலக்கையால் ஒரு எறிகூடக் கூடாது, மட்டையும் வீசக்கூடாது என்றார். எறிந்தான் என்று கேள்விப்பட்டால் வேறு டொக்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளி, 24 ஆகஸ்ட்

ஒன்றுமில்லை. பால் மறந்துபோனேன். திங்கட்கிழமையிலிருந்து மறக்கிறேன்.

சனி, 25 ஆகஸ்ட்

வெயில், காற்று. மூன்று உடுப்புக் கம்பியிலிருந்து விழுந்தன.

அருணனுக்கு என் நிபந்தனைகள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்:
– எறியக்கூடாது
– மட்டை பிடித்து நிற்கலாம், வீசக்கூடாது
– நீளக் கை பெனியன், முழங்கைக் கட்டு வெளியே தெரியக்கூடாது (இது ஹோல்கருடையது. எதிரணிக்குக் கை நோ தெரிந்தால் எறிய மாட்டான் என்று துணிந்து ஓடுவார்களாம்)
– எறியக்கூடாது

"ரெண்டு தரம் எழுதியிருக்கிறீங்கள்" என்றான்.

"தெரியும்."

"கடைசி இன்னிங்ஸில, ஒரேயொரு எறியில வெல்லலாமெண்டால்?"

"அருணன்!"

"சும்மா கேட்டனான் அம்மா."

சும்மா கேட்கிற முகமா அது? எனக்குத் தெரியாதா என் பிள்ளையை. எனக்கும் வெல்ல ஆசை. மைதானமும் வேண்டும், ஹோல்கரும் வேண்டும், கையும் வேண்டும். மூன்றில் ஒன்றைத்தான் தருவேன் என்று யாராவது கேட்டால் கை. ஆனால் மூன்றும் வேண்டும்.

இவர் நாளை வருகிறாராம்! மட்சுக்கு! "சும்மா ஒருக்கா பாப்பம்." வெள்ளைச் சேட்டை இஸ்திரி போட்டு மினுக்கச் சொன்னார். கிரிக்கெட் என்று நினைக்கிறார் போல.

ஞாயிறு, 26 ஆகஸ்ட்

காலை மழை. பதினொன்றுக்கு விட்டது. புல் சறுக்கும். மட்ச் ஒரு மணிக்கு.

நடுவர் முதலிலேயே மேசைக்கு வந்து இரண்டு ஸ்கோரர்களுக்கும் ஞாபகப்படுத்தினார்: சத்தம் கூடாது, கை தட்டக் கூடாது, மைதானத்தில் இருப்பவர்களோடு கதைக்கக் கூடாது. எனக்குப் பக்கத்தில் எதிரணி ஸ்கோரர், கண்ணாடி போட்ட ஒரு மாமா, நல்ல மனுசன், எனக்கு இனிப்பு ரொபி தந்தார்.

எதிரணி அருணனை முதல் பேஸில் பார்த்துத் தங்களுக்குள் குசுகுசுத்தது. "அவனுக்கு இன்று ஓய்வு போல" என்று ஒருவன். நல்லது, அப்படியே நினை.

பீட்டர்! என்ன மனுசன்! தபால் போடுகிற மாதிரியே ஒவ்வொரு பந்தையும் பெட்டிக்குள் போட்டார். வேகமான பந்துக்குப் பழகி வந்தவர்கள் முந்தி வீசி வீசி விழுந்தார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் கொஞ்சம் விளங்கிக்கொண்டார்கள்: 0–3. ஐந்தாவதில் எம்ரே அடித்த அடி வேலிக்கு அப்பால், இரண்டு பேர் ஏற்கெனவே பேஸில்: 3–3! மேசைக்குக் கீழே இரண்டு காலாலும் நிலத்தை உதைத்தேன். ஆறாவதில் இன்னும் மூன்று எங்களுக்கு, இரண்டு அவர்களுக்கு. 6–5.

அருணன் மட்டை பிடித்து நின்றான், வீசவில்லை. மூன்று தடவையும் அவுட். மூன்றையும் நானே எழுதினேன். முதல் பேஸில் ஒன்பது பந்து பிடித்தான், எல்லாம் இடக்கை. பிடித்ததும் பந்தைப் பீட்டரிடம் நடந்துபோய்க் கையில் கொடுத்தான். மரியாதையான பொடியன் என்று கண்ணாடி மாமா நினைத்திருப்பார்.

இவர் வேலிக்குப் பின்னால், வெள்ளைச் சேட்டோடு. இரண்டாவது இன்னிங்ஸில் சும்மா நின்றார். நாலாவதில் வேலியைப் பிடித்தார். ஆறாவதில்: "நடுவர், கண் தெரியேல்லையே!"

ஏழாவது. கடைசி. 6–5. ஒருவன் அவுட். அவர்களுடைய ஆள் மூன்றாவது பேஸில். அவன் எம்ரே நிற்கிற வீட்டுப் பேஸுக்கு வந்துவிட்டால் ஒரு ஓட்டம், சமம், பீட்டருக்கு இனி மூச்சில்லை, மாற்ற ஆளில்லை. பீட்டர் சட்டையால் முகம் துடைத்தார். எறிந்தார்.

அடித்தவன் மட்டையில் பந்து நுனியில் பட்டு, முதல் பேஸ் கோட்டோடு மெல்ல உருண்டது. அருணன் முன்னால் ஓடி வந்து இடக்கையால் அள்ளினான். அடித்தவன் அவனைக் கடந்து ஓடப் பார்த்தான், அருணன் பந்துள்ள கையுறையால் முதுகில் தொட்டான். இரண்டாவது அவுட்! ஆனால் மூன்றாவது பேஸ்காரன் புறப்பட்டுவிட்டான். வீட்டுக்குப் பாதி வழி. எம்ரே வீட்டுப் பேஸில் கையுறையை விரித்து அலறுகிறான், எறி, எறி! வேலிப் பக்கம் முழுக்க எறி, எறி! ஹோல்கர் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அருணன் பந்தை வலக்கைக்கு மாற்றினான். கை மேலே போயிற்று. காலும் தூக்கினான்.

நான் எழும்பிவிட்டேன். பென்சில் விழுந்தது, ரொபி விழுந்தது.

"எறியாதை! எறியாதையடா!"

ஓடியவன் அந்தக் கையைப் பார்த்தான். போன கிழமை அந்தக் கை என்ன செய்தது என்று அவர்களுக்குச் செய்தி போயிருக்கிறது. பிரேக் போட்டான். ஈரப் புல். சறுக்கி ஒரு முழங்காலில் இருந்தான். எழும்பி முன்னுக்கா பின்னுக்கா என்று பார்த்தான். அருணன் கையை இறக்கினான், பந்தை நெஞ்சோடு அணைத்தான், நேரே அவனை நோக்கி ஓடினான், ஓடினான், ஓடிப்போய்த் தொட்டான்.

மூன்றாவது அவுட். முடிந்தது. 6–5!

எறியவில்லை! எறியவேயில்லை!

எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர். பீட்டர் புல்லில் மல்லாந்து கிடந்தார். இவர் வேலிக்கு மேலால் ஏற முயன்று இடுப்பு ஞாபகம் வந்து இறங்கினார். "ரன் அவுட்! ரன் அவுட்!" என்று கத்துகிறார். கத்தட்டும். ஹோல்கர் அருணனின் முழங்கையை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்து, அவன் நெற்றியோடு நெற்றி வைத்து நின்றார். மைதானம் எங்களுடையது. அடுத்த வருடமும் இதே மேசை!

அப்போது எதிரணிப் பயிற்றுநர் நடுவரைக் கூட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். ஸ்கோரர் கத்தினாள், தங்கள் மொழியில் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று முறைப்பாடு. கண்ணாடி மாமா தன் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் என்ன கத்தினீர்கள்?" என்று நடுவர்.

யாருக்கும் விளங்காத சொல். உற்சாகத்தில் கத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். அருமை என்று சொன்னேன் என்றிருக்கலாம். எனக்கு அது மனதில் வந்தது, உண்மையைத்தான் எழுதுகிறேன். ஆனால் இந்தக் கிழமை இதற்கு மேல் ஒரு பொய் தாங்காது.

"எறியாதே என்று கத்தினேன்" என்றேன்.

நடுவர் யோசித்தார். ஆட்டம் ஆட்டம்தான், முடிவு மாறாது என்றார். ஆனால் குறிப்புப் பெட்டியில் நானே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். லீக் எனக்கு இரண்டு மூன்று மட்சுக்குத் தடை போடலாம். சரி என்றேன். பேனையை வாங்கி எழுதினேன்: ஏழாவது இன்னிங்ஸில் ஸ்கோரர் மைதானத்துக்குள் கத்தினார், முதல் பேஸ் ஆட்டக்காரருக்கு எறிய வேண்டாம் என்று சொன்னார், அவர் எறியவில்லை. கீழே என் பெயர் முழுதாக.

காரில் வரும்போது அருணனிடம் சொன்னேன், "உனக்காகக் கத்தி எனக்குத் தடை வரப்போகுது."

முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"நீங்கள் கத்தினனீங்களோ? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே அம்மா."

"கேக்கேல்லையோ? அப்ப ஏன் எறியேல்லை?"

"என்ரை கைதானே" என்றான்.

ஐயையோ. நான் சொல்லித்தான் எறியவில்லை என்கிற மாதிரிப் பேனையால் எழுதிக் கொடுத்துவிட்டேனே.